கால் டாங்க் பெட்ரோல்

1

அமெரிக்கா வந்த புதிதில் கடைக்காரனிடம் பெட்ரோல் என்று சொல்லிவிட்டு முழிக்காத தமிழன் கிடையாது. இங்கே அதற்குப் பெயர் கேஸ். ஹூஸ்டன் பக்கத்தில் ஒரு சுத்திகரிப்பு ஆலையின் லேபில் பல வருடமாக அதே சரக்கைச் சோதிப்பதுதான் என் பிழைப்பு. இருந்தும் என் மனசுக்குள் அது பெட்ரோல்தான். இந்தக் குறிப்பிலும் அப்படியே எழுதுகிறேன். கேஸ் என்றால் ஊரில் இருக்கும் உங்களுக்கு அடுப்படி சிலிண்டர்தான் ஞாபகம் வரும்.

போன மாதம் என் மனைவி கலைச்செல்விக்கு முதல் வருடத் திதி வந்தது. அதற்கு ஒரு வாரம் முன்னால், சுகர் லேண்டில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கிற பழைய பிக்கப் டிரக்குக்கு ஒரு நண்பர் டாங்க் நிறையப் பெட்ரோல் போட்டுக் கொண்டுவந்து விட்டார். நடந்தது அவ்வளவுதான். அதற்கு என் மகள் நிலா சிமெண்டுத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நானும் ஆடிப்போனேன். டாங்கில் பெட்ரோல் இருப்பதற்கு யாராவது அழுவார்களா என்று நீங்கள் கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

2

பிக்கப் டிரக் என்பது முன்னால் காராகவும் பின்னால் திறந்த குட்டி லாரியாகவும் இருக்கிற வண்டி. டெக்சஸில் தடுக்கி விழுந்தால் அதன்மேல்தான் விழ வேண்டும். ஆனால் நம் ஆட்கள் யாரும் வாங்குவதில்லை. நம் ஆட்களுக்கு ஜப்பான் கார் வேண்டும், அதுவும் வெள்ளை அல்லது சாம்பல் நிறத்தில்.

எங்கள் வீட்டில் டிரக் கேட்டது கலைதான். பீளமேட்டுப் பெண். அவள் அப்பா பம்பு செட் கம்பெனியில் ஃபோர்மேன். அவள் ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்தவள். வகுப்பில் ஒரே பெண். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இரண்டு வருடம் வேலையும் பார்த்திருக்கிறாள். தொண்ணூறில் எனக்கு வேலை கிடைத்து இங்கே வந்தபோது, அவள் பாஸ்போர்ட்டில் குத்தின விசா, கணவனோடு இருக்கலாம், சம்பளத்துக்கு வேலை செய்யக் கூடாது என்றது. நிலாவுக்கு அப்போது ஆறு வயசு. அவளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்தால் கலைக்கு மிச்சப் பகல் முழுக்கச் சுவர்தான்.

"ஏனுங்க, சும்மா உக்காருன்னு சர்க்காரே ஆர்டர் போட்டிருக்குது. எத்தன நாளைக்குங்க சும்மா உக்கார்றது? பழசா ஒரு வண்டி வாங்கிக் குடுங்க. பிரிச்சுப் போட்டு மாட்டிட்டு இருக்கறேன்" என்றாள்.

கிரீன் கார்டு வந்துவிட்டால் ஒரு கராஜில் வேலைக்குச் சேர்வேன் என்பாள். வருடா வருடம் அதையே சொன்னாள். நாங்கள் வருடா வருடம் படம் எடுத்து, ரேகை வைத்து, காகிதம் அனுப்பினோம். இடையில் எட்டு சிலிண்டர் வண்டி ஒன்று வந்து சேர்ந்தது. உதிரிபாகக் கடையில் போய் அவள் ஸ்டெப்னி கேட்டதும், அந்தப் பெயரில் இங்கே யாரும் வேலை பார்க்கவில்லை என்று கடைப்பையன் சொன்னதும் அந்த முதல் வாரத்தில்தான். சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவில் ஒருத்தர் என்னிடம், "என்ன சார், உங்க மிஸஸ் லாரி ஓட்றாங்களாமே? தேங்கா லோடு அடிக்கப் போறீங்களா?" என்றார். அடுத்த மாதமே வீடு மாற்ற அந்த லாரிதான் வேண்டும் என்று வந்து நின்றார். அதோடு ஆரம்பித்தது. இந்தப் பக்கம் வந்து இறங்கிய முக்கால்வாசித் தமிழ்க் குடும்பங்களின் கட்டிலும் சோபாவும் எங்கள் டிரக்கில் ஏறி இறங்கினவைதான். கலை யாருக்கும் இல்லை என்று சொன்னதில்லை. ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தாள். "காசெல்லாம் வேண்டாமுங்க. வண்டிய வெறும் டாங்கோட மட்டும் கொண்டாந்து விட்றாதீங்க. வாங்கின பாத்திரத்த வெறுசா திருப்பிக் குடுப்பமா?"

எல்லோரும் அதை ஒழுங்காகக் கடைப்பிடித்தார்கள். டாங்கை நிரப்பி, சீட்டின் மேல் ஒரு டப்பாவில் மைசூர்பாகோ முறுக்கோ வைத்துவிட்டுப் போவார்கள்.

3

பிரித்து மாட்டின வண்டியைக் கலை ஓட்டிப் பார்க்கப் போன பந்தயத் திடல் எங்கள் வீட்டிலிருந்து ஃப்ரீவேயில் ஒரு மணி நேரம். திடல் என்றால் வளைவே இல்லாத கால் மைல் தார் ரோடு. இரண்டு வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். பச்சை விளக்கு எரிந்ததும் சீறிக்கொண்டு போக வேண்டும். பதினைந்து விநாடியில் முடிந்துவிடும் சமாச்சாரம். அதற்கு ஒரு ரன் என்று பெயர். சனிக்கிழமை மத்தியானம் யார் வேண்டுமானாலும் சொந்த வண்டியைக் கொண்டுவந்து ஓட்டிப் பார்க்கலாம். இதற்காகவா இவ்வளவு தூரம் வருகிறார்கள் என்று முதல் நாள் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

கலைக்கு அப்படி இல்லை. வண்டியை விட்டு இறங்கும்போது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஊரில்கூட அவளை நான் அப்படிப் பார்த்ததில்லை.

பிக்கப்புக்கு ஒரு கோளாறு உண்டு. கனமெல்லாம் முன்னால், இழுப்பதோ பின் சக்கரம். பின்பக்கம் காலியாக இருந்தால் கிளம்புகிற இடத்திலேயே சக்கரம் வழுக்கிக்கொண்டு சும்மா சுற்றும். மற்றவர்கள் மணல் மூட்டை வைப்பார்கள். கலை பொன்னியரிசி மூட்டைகளை வைத்தாள். வண்டிகளைச் சோதித்து உள்ளே விடுகிற டேல் என்ற வயசான டெக்சஸ்காரர், மூட்டையில் என்ன என்று கேட்டார். அரிசி என்றதும் குனிந்து தடவிப் பார்த்தார். அப்புறம் கயிறு கொண்டுவந்து அவரே இறுக்கிக் கட்டிவிட்டார். அன்றிலிருந்து அவளைக் கண்டால் தொப்பியைத் தொடுவார்.

என் பங்குக்கு நான் பெட்ரோல் ஞானத்தைக் கொடுத்தேன். ஆக்டேன் நம்பர் கூடினால் பெட்ரோலுக்குச் சக்தி கூடும் என்று இங்கே பாதிப்பேர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அவசரப்பட்டுத் தானாக வெடிக்காமல், தீப்பொறி வரும்வரை பொறுத்திருக்கும் குணம்தான் ஆக்டேன். அந்தக் குணம் கூடின பெட்ரோல் போட்டால், பொறியைக் கொஞ்சம் முன்கூட்டியே விடும்படி இன்ஜினைத் திருப்பி வைக்கலாம். அப்போதுதான் வேகம் கூடும். இதைச் சொன்னதும் கலை, "அப்ப பிரீமியம் போட்டுட்டு டைமிங்க மாத்தாம ஓட்றவன் கேனையனுங்களா?" என்றாள். ஆமாம் என்றேன். பந்தயத்துக்கு முந்தின நாள் பிரீமியம் போட்டு டைமிங்கை முன்னால் தள்ளுவாள். ஞாயிற்றுக்கிழமை பழையபடி வைத்துவிடுவாள், சோபா ஏற்றுகிறவர்கள் சாதாரணப் பெட்ரோல் போடுவார்கள் என்பதற்காக.

நிலா எப்போதும் அவள் கூடவே இருந்தாள். பத்து வயசுக்கு மேல் எங்களிடம் தமிழ் பேசுவதை நிறுத்திவிட்டாள். நாங்கள் தமிழில் கேட்போம், ஆங்கிலத்தில் பதில் வரும். ஆனால் ஸ்பேனர் எடு, விளக்கைத் தூக்கிப் பிடி என்று பானட்டுக்கு அடியிலிருந்து கலை சொன்னால் சொன்னது கையில் இருக்கும். எனக்கு அதில் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

4

கணையத்தில் புற்றுநோய் என்று சொன்னார்கள். சொன்னபோதே நேரம் போய்விட்டிருந்தது. திடலுக்குப் போவது முதலில் நின்றது. அப்புறம் சமையல், அப்புறம் மாடியேறுவது.

கடைசியாக ஒரு புதன்கிழமை, பெட்ரோல் பங்குக்குக் கூட்டிப் போ என்று நிலாவை எழுப்பிவிட்டாள். நிலா அப்போதுதான் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தாள். நான் வேண்டாம் என்றால் கலை கேட்பாளா? தலையில் துணி கட்டிக்கொண்டு, பங்கில் தானே இறங்கி, பம்பை இரண்டு கையாலும் பிடித்துப் பாதி டாங்குக்குப் பிரீமியம் போட்டாளாம். வீட்டுக்கு வந்து பானட்டைத் திறக்கச் சொல்லி, தான் நாற்காலியில் உட்கார்ந்தபடி சொல்லச் சொல்ல நிலாவை விட்டு டைமிங்கை முன்னால் வைத்தாள்.

"வர்ற சனிக்கெழம ஒரே ஒரு ரன் போயிட்டு வந்தரலாம் கண்ணு" என்றாள்.

அந்தச் சனிக்கிழமை ஆஸ்பத்திரியில் இருந்தோம். அங்கிருந்து அவள் வீட்டுக்கு வரவில்லை.

அவள் போன பிறகு, வேலை செய்ய அனுமதி என்று அவள் படம் போட்ட அட்டை தபாலில் வந்தது. திருப்பி அனுப்ப வேண்டுமா என்று கேட்க ஃபோன் செய்தேன். இதற்கு ஒன்றை அழுத்து, அதற்கு இரண்டை அழுத்து என்று ஒரு குரல் சொல்லிக்கொண்டே போனது. விண்ணப்பித்தவர் செத்துப்போயிருந்தால் எதை அழுத்துவது என்று அது சொல்லவில்லை. வைத்துவிட்டேன்.

நிலா அந்த வண்டியை ஓட்டவில்லை. பாட்டரி செத்துவிடாமல் இருக்க ஞாயிற்றுக்கிழமைகளில் கொஞ்ச நேரம் ஸ்டார்ட் செய்து விடுவாள், அவ்வளவுதான். முதலில் ஐந்து நிமிடம் ஓடவிட்டாள். முள் இறங்குவதைப் பார்த்து இரண்டு நிமிடமாகக் குறைத்தாள். கழுவ வேண்டும் என்றால் நியூட்ரலில் போட்டுக் கையால் தள்ளினாள். அப்படியும் பாதி டாங்க் கால் டாங்காகிவிட்டது.

பதினெட்டு வயசு ஆகாதவர்கள் திடலில் ஓட்ட, பெற்றவர் கையெழுத்துப் போட வேண்டும். கேட்டாள். முடியாது என்றேன். இருக்கிற ஒன்றையும் அந்தக் கால் மைலில் விட்டுவிட்டு வர எனக்கு என்ன பைத்தியமா? மறுபடி கேட்டாள். நான் மறுபடி முடியாது என்றேன். அவள் என்னோடு பேசுவதே குறைந்துபோயிற்று. கலிஃபோர்னியாவில் காலேஜுக்கு இடம் கிடைத்திருப்பதை நான் அவள் தோழியின் அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

திதி நெருங்கியபோது மூன்றாம் தடவையாக வந்தாள். அம்மா போட்ட பெட்ரோல் தீர்வதற்குள் அம்மா போகாத அந்த ஒரு ரன்னைத் தான் போக வேண்டும், அதுவும் அந்த நாளில், அதற்கு மேல் எதுவும் கேட்க மாட்டேன் என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.  சரி என்றேன்.

பெட்ரோல் பழசானால் கெட்டுப்போகும். ஒரு வருடம் நின்ற பெட்ரோலில் லேசான பாகமெல்லாம் ஆவியாகி, வார்னிஷ் மாதிரி வாசம் அடிக்கும். டாங்க் மூடியைத் திறந்து மோந்துபார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது. என் தொழிலே அதுதானே. நிலாவிடம் நான் அதைச் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது?

5

திதிக்கு முந்தின சனிக்கிழமை நிலாவைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போய் ஐயரிடம் சாமான் விவரம் கேட்டுவிட்டுத் திரும்பினேன். டிரக் பளபளவென்று நின்றது. பக்கத்தில் கோபால், கையில் சாவியோடு, வாயெல்லாம் பல்லாக நின்றார். ஈரோட்டுக்காரர், இரண்டு தெரு தள்ளிதான் வீடு. கலையை அக்கா அக்கா என்று சுற்றி வந்தவர். நாங்கள் ஊருக்குப் போனால் செடிக்குத் தண்ணீர் ஊற்ற அவரிடம்தான் கராஜ் கதவைத் திறக்கிற நம்பர் இருக்கும். டிரக் சாவி கராஜ் சுவரில்தான் தொங்கும்.

"அண்ணா, புது சோபா எடுக்கப் போனனுங்க. ஃபோன் அடிச்சேன், நீங்க எடுக்கல. அக்கா வண்டிதானேன்னு எடுத்துட்டுப் போயிட்டேன். பாவமுங்க, டாங்க்ல கால்தான் இருந்துது. வாய் வரைக்கும் ஃபில் பண்ணிட்டேன். அக்கா சட்டமாச்சே, மீற முடியுமா?"

சீட்டின் மேல் ஒரு டப்பா இருந்தது.

நிலா கதவைத் திறந்து முள்ளைப் பார்த்தாள். பின்னால் போய் டாங்க் மூடியைத் திருகிக் குனிந்து மோந்தாள். அப்புறம்தான் தரையில் உட்கார்ந்தாள். அவளிடமிருந்து தமிழ் வந்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது.

"அங்கிள், ஏன் தொட்டீங்க? அது அம்மா போட்டது."

கோபாலுக்கு ஒன்றும் புரியவில்லை. நான் புரியவைத்தேன். அந்த மனுஷன் சாவியை என் கையில் கொடுக்கவும் முடியாமல் வைத்துக்கொள்ளவும் முடியாமல் நின்றார். "எனக்குத் தெரியாதுங்ணா. சத்தியமா தெரியாதுங்ணா" என்று அழ ஆரம்பித்துவிட்டார். அவரை ஒரு அறை விட வேண்டும் போல எனக்கு இருந்தது. ஆனால் கலை இருந்திருந்தால் அவரை மெச்சியிருப்பாள். பாத்திரத்தை அவள் சொன்ன மாதிரியே நிரப்பிக் கொண்டுவந்திருக்கிறார். இதில் யாரைத் திட்டுவது?

6

கோபால் போட்டது சாதாரணப் பெட்ரோல். டைமிங்கோ கலை முன்னால் தள்ளிவைத்தது வைத்தபடி. நிலா வண்டியைத் தெருவில் ஓட்டிப் பார்த்தாள். மிதித்ததும் இன்ஜினுக்குள் வாணலியில் கடுகு வெடிக்கிற சத்தம். பொறி வருமுன்னே பெட்ரோல் வெடிக்கிறது என்று அர்த்தம். அதே நிலையில் கால் மைல் முழு மிதியில் போனால் பிஸ்டன் தாங்காது.

டாங்கைக் காலி செய்துவிட்டுப் புதிதாகப் பிரீமியம் போடலாம் என்றேன். என்னை முறைத்தாள். அப்படியானால் பாதியை வெளியே எடுத்துவிட்டு ரேஸ் பெட்ரோல் கலந்து ஆக்டேனை ஏற்றலாம், எவ்வளவு கலப்பது என்று நான் கணக்குப் போட்டுத் தருகிறேன் என்றேன். எடுக்கிற பாதியில் அம்மாவுடையதும் பாதி போகுமே என்றாள். நான் லேப் புத்தியைக் காட்டினேன்.

"இங்க பாரு கண்ணு, இப்ப எல்லாம் கலந்தாச்சு. எது அம்மாது, எது அங்கிள் போட்டதுன்னு எந்த லேப்லயும் பிரிக்க முடியாது. பாதி காலியாகும்போதெல்லாம் திருப்பி ஃபில் பண்ணிட்டே இருந்தா, அம்மா போட்டது கொறஞ்சுட்டே போகும், ஆனா முழுசா தீரவே தீராது. கெமிஸ்ட்ரிதான் சொல்றேன்."

"தட்ஸ் நாட் ஹவ் இட் ஒர்க்ஸ், அப்பா" என்றுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

எனக்கு அது ரொம்ப வலித்தது. சமாதானம் சொல்லக்கூடத் தெரியாத ஆளாக ஆகிவிட்டேனே என்று அந்தச் சிமெண்டுத் தரையிலேயே கொஞ்ச நேரம் நின்றேன்.

மறுநாள் காலையில் அவளே கராஜுக்கு வந்தாள். ஒரு சொட்டுக்கூட வெளியே எடுக்க வேண்டாம், டைமிங்கைப் பின்னால் தள்ளிவிடலாம், இன்ஜின் சோம்பிப் போகும், பரவாயில்லை, தோற்றாலும் பரவாயில்லை என்றாள். அம்மா வைத்த டைமிங்கா, அம்மா போட்ட பெட்ரோலா, இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்று ராத்திரி முழுக்க யோசித்திருக்கிறாள் போல. பதினேழு வயசுப் பிள்ளை யோசிக்கிற விஷயமா இது?

நான் விளக்கைப் பிடித்தேன். அவள் போல்ட்டைத் தளர்த்தி, பொறியைப் பிரித்து அனுப்புகிற டிஸ்ட்ரிபியூட்டரைப் பிடித்து ஒரு நூல் அளவு திருப்பினாள். திருப்புவதற்கு முன்னால், இருந்த இடத்தைக் குறிக்க ஸ்க்ரூ டிரைவரால் ஒரு கோடு கீறிவைத்தாள். கடுகு சத்தம் நின்றது. வண்டி மந்தமாக உறுமியது.

7

திதியும் சனிக்கிழமையாகவே வந்தது. அன்று காலையில் கோயிலில் ஐயர் சொல்லச் சொல்லக் கலையின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லி எள்ளும் தண்ணீரும் விட்டேன். போனவர்களோடு சேர்த்து அந்தப் பெயரைச் சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் நாக்கு தடுக்கியது. பிண்டத்தை நிலா கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். வந்திருந்த ஆன்ட்டிகள் ஒவ்வொருத்தராக அவள் கன்னத்தைத் தொட்டு உச்சுக்கொட்டினார்கள். "பாவம், அம்மா இல்லாத பொண்ணு." ஒரு வருடமாக மளிகைக் கடையில், சங்கத்தில், பிறந்தநாள் விழாக்களில் எல்லாம் இதேதான். அவள் சிரித்தமாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நிற்பாள்.

மத்தியானம் திடலுக்குப் போனோம். கையெழுத்துப் போட்டேன். ஹெல்மெட் மாட்டிக்கொண்டு கோட்டுக்குப் போனாள். டயர் சூடேறித் தரையைப் பிடிக்க வேண்டுமே என்று முதலில் தண்ணீரில் நனைத்துச் சக்கரத்தைச் சுற்றவிட்டாள். வெள்ளைப் புகைக்கு நடுவில் வண்டி தெரியவில்லை.  பச்சை எரிந்தது. பின் சக்கரம் ஒரு கணம் வழுக்கி, வால் இந்தப் பக்கம் ஆடியது. அப்புறம் பிடித்துக்கொண்டு நேராகப் போனது. பக்கத்து வண்டி எப்போதோ போய்விட்டிருந்தது. கலை ஓட்டினதிலேயே மோசமான ரன்னைவிட இது மோசம். திடலில் அச்சடித்துக் கொடுத்த நேரத்தை நிலா பார்க்காமலே மடித்துப் பைக்குள் வைத்தாள். முகத்தில் சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை.

ஒரே ஒரு ரன் என்றுதான் பேச்சு. கிளம்பினோம். உள்ளே வரும்போது வண்டியைச் சோதித்தது வேறு ஆள்; இப்போது வாசல் பக்கம் டேல் கையைக் காட்டி நிறுத்தினார். ஜன்னலில் குனிந்து, வண்டியைப் பார்த்ததும் ஓடிவந்ததாகச் சொன்னார். அப்புறம் நிலாவிடம், அம்மா எங்கே, ஏன் இத்தனை மாதமாக ஆளையே காணோம் என்று கேட்டார்.

"ஷீ இஸ் அட் ஹோம்" என்றாள் நிலா.

சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். பொய் சொல்லி மாட்டிக்கொண்ட பிள்ளையின் பார்வையாக அது இல்லை. ஏதோ ஒன்றை என்னிடம் யாசிக்கிற பார்வை. எனக்கு அப்போதுதான் விளங்கியது. கலை செத்துப்போனது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். இந்த இடத்தில் மட்டும்தான் யாருக்கும் தெரியாது. வருடம் முழுக்க நிலா வர நினைத்தது இங்கேதான்.

டேல் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். காலையில் எள் விட்ட விரலில் இன்னும் பிசுபிசுப்பு இருந்தது.

"ஆமாம், வீட்டில்தான் இருக்கிறாள்" என்றேன் ஆங்கிலத்தில். "கொஞ்சம் உடம்பு சரியில்லை."

சீக்கிரம் குணமாகட்டும், அடுத்த வாரம் அவளையும் கூட்டிக்கொண்டு வா என்றார். சொல்கிறேன் என்றேன்.

அவர் தொப்பியைத் தொட்டார். நிலா வண்டியைக் கிளப்பினாள். கேட்டைத் தாண்டும் வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் அழவில்லை.